கல்சங்கைத் தட்டி எழுப்பியவர்கள்

எங்கள் ஆட்களைக் கொண்டுபோய் இமயமலையில் வைத்தாலும், மூச்சு வாங்கி முடிவதற்குள் ஒரு கமிட்டி போட்டுவிடுவார்கள். வைத்தார்கள். போட்டார்கள். தலைவர், துணைத் தலைவர், கௌரவத் தலைவர், அந்தக் கௌரவம் போதாது என்று முறுக்கிக்கொண்டு போனவருக்காக உண்டாக்கிய இன்னொரு பதவி, எல்லாம் முடிந்த பிறகுதான் கழிப்பறைக்குக் குழி தோண்டினோம்.

ஊருக்குப் பெயர் மேல்வலசை. ராமநாதபுரம் சீமையில் வெயில் ஆட்களைச் சாப்பிட ஆரம்பித்த காலத்தில், பனியாறுகள் உருகிப் பின்வாங்கிய மலையிடங்களுக்கு அரசாங்கம் குடும்பம் குடும்பமாக ஏற்றி அனுப்பியது. கமுதிப் பக்கத்து ஜனம் எங்களுக்கு இந்த இடம் வாய்த்தது. என் அண்ணன் வரவில்லை. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றவன், நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்து போய்ச் சேர்ந்தான். மதினி யாழிசை கைக்குழந்தையோடு என்னுடன் வந்தார். அந்தக் குழந்தை நிலானி நான் சொல்லப்போகும் வருடம் வயிறும் பிள்ளையுமாக நின்றாள். எங்கள் ஊரில் 'கீழே போவது' என்றால் சாவது என்று பொருள். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் 'நீ கீழே போக' என்றுதான் திட்டுவோம்.

என் பெயர் தன்ஷிகா. ஐம்பது தாண்டிய பிறகு இந்தப் பெயரைச் சுமப்பதில் எனக்கு வெட்கமில்லை. எங்கள் கமிட்டித் தலைவர் பெயர் தஷ்வந்த். எழுபதை நெருங்குகிறார். பல் செட்டைக் கழற்றிவிட்டால் அவர் பெயரை அவராலேயே சொல்ல முடியாது. நான் செடிகளைப் பற்றிப் படித்தவள் என்பதால் ஊர் என்னைப் 'புல்லு டாக்டர்' என்கிறது. ஊருக்கு என் மேல் மரியாதை அவ்வளவுதான், எனக்கு ஊர் மேல் அதைவிடக் குறைவு.

ஊருக்கு நேர் மேலே ஒரு சரிவு இருக்கிறது. பனியாறு பின்வாங்கும்போது கொட்டிவிட்டுப் போன கல்லும் பொடியும்தான் அது. பிடிமானம் கிடையாது. மழை பெய்தால் மொத்தமும் கீழத்தெருவுக்குள் இறங்க வேண்டியது. இறங்காமல் இருப்பதற்கு ஒரே காரணம் கல்சங்கு என்ற செடி. எங்கள் ஊர்ச் சங்குப்பூவுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி, அதே அவரைக் குடும்பம், அதே நீலம். ஆனால் படர்ந்து ஏறாது. தரையோடு தரையாகப் பாய் விரித்து ஒட்டிக்கொள்ளும். இலையெல்லாம் வெள்ளை மயிர். மேலே நாலு விரல் உயரம்தான், ஆணிவேரோ ஆள் உயரத்துக்கு மேல் இறங்கும். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே உரம் சமைத்துத் தரும். ஒன்றுமில்லாத கல்மேட்டில் முதலில் வந்து உட்கார்ந்து, மண் என்று சொல்லத்தக்க ஒன்றை உண்டாக்கியது இந்தச் செடிதான்.

இதில் எந்தக் கமிட்டிக்கும் பங்கில்லை. அதுதான் சிக்கல்.

மலைக் குடியேற்ற ஆணையம் என்று ஒன்று எங்களைக் கீழேயிருந்து மேய்க்கிறது. சரிவில் பாதிக்கு மேல் பச்சை மூடியிருந்தால் ஊர் பத்திரம், இருக்கலாம்; இல்லாவிட்டால் எல்லோரும் கீழே. ஆடி மாதம் செயற்கைக்கோள் படம் எடுக்கப்போகிறது என்று அந்த வருடம் தகவல் வந்தது. கல்சங்கு அவசரப்படுகிற ஜாதி இல்லை. இருபது வருடத்தில் கால்வாசிச் சரிவைத்தான் பிடித்திருந்தது. ஊரே கதிகலங்கிப் போனது.

அப்போதுதான் கமிட்டி எங்கிருந்தோ கவிநிலவனைப் பிடித்துக்கொண்டு வந்தது. முப்பது வயதிருக்கும். நுண்ணுயிர்களைத் திருத்தி வேலை வாங்கும் பொறியாளர். தாடியைப் பார்த்தாலே தெரியும், தினமும் அதற்கு ஒரு மணி நேரம் செலவழிக்கிற ஆள். சமுதாயக் கூடத்தில் கணப்பைச் சுற்றி உட்கார வைத்து எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

"ஒரு காய்ல பத்து விதை இருக்கு. ஒன்னுதான் அந்த வருசம் முளைக்குது. மிச்ச ஒன்பதும் தோல் கெட்டியா இருக்கறதால தண்ணி உள்ள போகாம சும்மா கெடக்குது. இப்படியே அம்பது வருசம் கெடக்கும். இந்தச் சரிவுல மண்ணுக்குள்ள இப்ப அந்த மாதிரி கோடிக்கணக்குல தூங்குதுங்க."

"அம்புட்டும் சோம்பேறிகளா!" என்றார் தஷ்வந்த். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாலைவரை தூங்குகிற மனிதர்.

"நான் ஒரு நுண்ணுயிரைத் தயார் பண்ணியிருக்கேன். மண்ணுல விட்டா விதைத் தோலை அரிச்சுத் தண்ணிக்கு வழிவிடும். ஒரே வாரத்துல அத்தனையும் முளைச்சிரும். ஆடிக்கு முன்னாடி சரிவு முழுக்கப் பச்சை."

கூடம் கைதட்டியது. திட்டத்துக்குப் 'பள்ளியெழுச்சி' என்று அங்கேயே பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் எழுந்தேன். "ஏன் தம்பி, அந்த ஒன்பது விதை ஏன் தூங்குதுன்னு யோசிச்சீங்களா?"

"பரிணாமத்துல மிச்சம் மீதி மேடம். தோல் கொஞ்சம் தடிச்சிருச்சு."

"தடிச்சது உங்க தோல். இந்த மலையில ஆனியில பனி கொட்டுது, புரட்டாசியில வெயில் அடிக்குது. எந்த வருசம் உருப்படும்னு செடிக்குத் தெரியாது. அதனால எல்லாத்தையும் ஒரே வருசத்துல எறக்காது. இந்த வருசம் ஒன்னு, அடுத்து ஒன்னு, இருபது வருசம் கழிச்சு ஒன்னு. இந்த வருசத்துக் குஞ்செல்லாம் செத்தாலும் மண்ணுக்குள்ள ஆள் இருக்கும். நீங்க அத்தனையும் எழுப்பிவிட்டுட்டு ஒரு பனி விழுந்தா, அப்புறம் முளைக்க யாரு இருக்கா?"

கவிநிலவன் சிரித்தார். பெரியவர்கள் பேசும்போது சின்னவர்கள் மரியாதைக்குச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "நிகழ்தகவு பார்த்துட்டேன் மேடம். ரொம்பக் குறைவு."

தஷ்வந்த் குறுக்கே வந்தார். "டாக்டரம்மா, நான் படிக்காதவன். ஒன்னு மட்டும் சொல்றேன். நம்ம மொளப்பாரிய எடுத்துக்கங்க. ஒம்பது தானியம் போடுறோம். அம்புட்டும் ஒரே ஒசரத்துக்கு மொளச்சு வந்தாத்தான் ஊருக்கு நல்லது. மேடும் பள்ளமுமா மொளச்சா ஊருக்கு ஆகாது. இது எம் பாட்டன் பூட்டன் காலத்துலருந்து தெரிஞ்ச விசயம். இந்த மலைக்கு வந்த நாள்லருந்து, மலைக்காரி சாமிக்கு ஒரு மருவாதின்னு கல்சங்கு வெதையும் ஒரு பிடி சேத்துப் போடுறோம். ஒரு வருசமாச்சும் அது மொளச்சிருக்கா? அது மொளைக்காததாலதான் ஊருக்கு இந்தச் சோதனை. தம்பி மொளைக்க வக்கிறேங்கிறாரு. நீங்க வேணாங்கிறீக. என்ன படிப்புத்தா படிச்சீக?"

இதற்கும் கைதட்டினார்கள். முளைப்பாரி என்பது சட்டியில், இருட்டறையில், மூடி வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பது. பத்தாம் நாள் அதைத் தண்ணீரில் கரைத்துவிடுவோம். அந்த முளைக்கு நாளைக்கு என்ற ஒன்றே கிடையாது. அதனால் அது ஒரே உயரத்துக்கு வளரலாம். நாளைக்கும் உயிரோடிருக்க வேண்டிய ஒரு செடியை முளைப்பாரிக் கணக்கில் அளக்கிற மூளைகள் உலகத்தில் எங்கள் ஊரில் மட்டும்தான் உண்டு.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மதினியைப் பார்த்தேன். முளைப்பாரியை வளர்க்கிற பொறுப்பு இருபது வருடமாக அவருடையது. தலைவருக்குச் சம்பந்தி வேறு. நிலானியைக் கட்டியது தஷ்வந்தின் மகன்தான். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மதினி?"

"என்னத்தச் சொல்ல? ஆடிக்குள்ள பச்சை வரலைன்னா கீழ போகணும்ல. ஒங்க அண்ணன் கெடந்த கெடை இன்னும் எங் கண்ணுல நிக்கிது. இவளும் மாசமா இருக்கா. பனி விழுந்தா அப்பப் பாப்போம்த்தா."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பயந்தவர்களை எனக்குப் புரியும். பயத்தைக் கைதட்டலாக மாற்றிக் காசு பார்ப்பவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

வைகாசியில் பள்ளியெழுச்சி நடந்தது. மேளம், குலவை, கவிநிலவனுக்குப் பரிவட்டம். பறக்கும் எந்திரங்கள் சரிவு முழுக்கக் கலங்கல் தண்ணீரைத் தெளித்தன. கும்பாபிஷேகம் என்று நினைத்து நாலு பேர் அண்ணாந்து தலையில் வாங்கிக்கொண்டார்கள். நுண்ணுயிர்க் கரைசலைத் தலையில் வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒருவர் பிறகு என்னிடம் ரகசியமாகக் கேட்டார். உள்ளே ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால் முளைக்கும், உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம் என்றேன்.

முளைத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. எட்டே நாளில் கல் தெரியாமல் முளைத்தது. ஆனி முழுக்கச் சரிவு பச்சைப் பசேலென்று கிடந்தது. எனக்கே ஒரு நிமிடம் கண் கலங்கியது. கலங்கியதில் வந்த கோபத்தையும் கவிநிலவன் கணக்கில் எழுதினேன். குனிந்து பார்த்தேன். ஒரு உள்ளங்கை இடத்தில் முப்பது நாற்பது முளை. ஒன்றின் கழுத்தில் ஒன்று ஏறி நின்றது. வேர் இறங்க இடமில்லாமல் மேலாகவே ஓடியது. பெரிய செடிகளின் பாய் ஓரத்தில், காற்று படாத இடத்தில் முளைக்கிற குஞ்சுகள்தான் வழக்கமாகப் பிழைக்கும். இங்கே அந்த இடமும் கூட்டம், வெட்டவெளியும் கூட்டம்.

ஆடியில் செயற்கைக்கோள் படம் எடுத்தது. தேறினோம், அடுத்த படம் பத்து வருடம் கழித்துத்தான். அதே வாரம் முளைப்பாரி. சட்டிகளுக்கும் கவிநிலவன் தன் கரைசலில் ஒரு சொட்டு விட்டிருந்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாகக் கல்சங்கும் மற்ற தானியங்களோடு சேர்ந்து முளைத்து நின்றது. தஷ்வந்த் தேம்பித் தேம்பி அழுதார். ஊர்வலம் என் வீட்டு வாசலில் வேண்டுமென்றே கொஞ்சம் அதிக நேரம் நின்று கும்மியடித்துவிட்டுப் போனது. "புல்லு டாக்டருக்குப் புல்லு மொளச்சா ஆகாது" என்று அதில் ஒரு அடி புதிதாகச் சேர்த்திருந்தார்கள். எதுகை மோனை எதுவும் கிடையாது. அதிலும் பஞ்சம்.

ஆவணிக் கடைசியில் ஒரு வாரம் வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்தது. பனிமழை பெய்திருந்தால்கூடப் பரவாயில்லை. அது போர்வை மாதிரி மூடிக் காப்பாற்றும். பெய்யவில்லை. வெறும் குளிர் இறங்கியது. அப்படிப்பட்ட குளிரில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் ஊசி ஊசியாக உறைந்து மேல்நோக்கி வளரும். வளரும்போது மேல்மண்ணைத் தூக்கும். மேல்மண்ணில் வேர் வைத்திருப்பதையும் சேர்த்துத் தூக்கும். ஆழ வேர் விட்ட கிழட்டுச் செடிகள் அசையவில்லை. குஞ்சுகள் மொத்தமும் பிடுங்கிப் போட்டது போல வேர் வெளியே தெரியக் கிடந்தன. மதியம் வெயில் வந்தது, காய்ந்தன. மூன்றாம் நாள் காற்று வந்தது, பறந்தன.

கவிநிலவன் சரிவில் உட்கார்ந்திருந்தார். தாடி அன்றைக்குச் சீவப்படவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"அடுத்த வருசம் முளைக்கும்ல மேடம்?"

"எது முளைக்கும்?"

"மிச்சம் இருக்கற விதை..."

"மிச்சம் வைக்காம எழுப்பணும்னுதானே தம்பி நீங்க சம்பளம் வாங்குனீங்க? மண்ணைச் சலிச்சுப் பாத்துட்டேன். ஒன்னு இல்ல. எல்லாம் வெறும் தோல்."

"பெரிய செடிங்க இருக்கே. அதுங்க காய்க்குமே."

"காய்க்கும். காய் வெடிச்சுச் சிதறுற ஜாதி, கையில பிடிச்சா ஒரு பிடிதான் தேறும். மிச்சம் மண்ணுல விழுந்த உடனே உங்க நுண்ணுயிர் தட்டி எழுப்பிரும். அது மண்ணுலதானே இருக்கு? திரும்பக் கூப்பிட வழி வச்சிருக்கீங்களா?"

வழி எதுவும் வைத்திருக்கவில்லை.

"இனிமே ஒவ்வொரு வருசமும் இந்தச் செடி கையில இருக்கறதெல்லாம் ஒரே ஆட்டத்துல வச்சு ஆடணும். பெரிய செடிங்களுக்கும் வயசாகுது. பத்து வருசமோ, பதினஞ்சு வருசமோ. அதுங்க சாகும்போது வேர் அழுகும். அப்ப சரிவு எறங்கும்."

"நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். நல்லதுக்குச் செய்தேன் என்று ஒருவன் சொல்லும்போது யாருக்கு நல்லது என்று கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு. அன்றைக்குக் கேட்கவில்லை, அதுவே அதிகம். அவர் அடுத்த வண்டியில் கீழே போய்விட்டார். அங்கே அவருக்குக் குளிரூட்டிய கட்டடம் இருக்கிறது.

கமிட்டி சும்மா இருக்குமா? விசாரணைக் கமிட்டி போட்டது. மூன்று கூட்டம், மூன்று பிரியாணி. முடிவு என்ன தெரியுமா? முளைப்பாரி வீட்டுக்குள் சுத்தபத்தம் இல்லாத யாரோ நுழைந்திருக்கிறார்கள், அந்தத் தீட்டுதான் சரிவைப் பொசுக்கியது. பரிகாரத்துக்கு யாகம். மதினி தலைகுனிந்து கேட்டுக்கொண்டு வந்தார். சம்பந்தி என்றுகூடப் பார்க்கவில்லை தஷ்வந்த்.

ஐப்பசி மழையில் சரிவு முதல் தடவையாகப் பேசியது. கொஞ்சம்தான், ஒரு மாட்டு வண்டி அளவுக்குக் கல்லும் சேறும் உருண்டு வந்து மதினி வீட்டு ஆட்டுக் கொட்டகையைச் சாய்த்துவிட்டுப் போனது. ஆடுகள் தப்பின. கொட்டகைக்கு அடுத்த சுவருக்குப் பின்னால்தான் நிலானி படுத்திருந்தாள். மதினி அன்றைக்கு அழவில்லை. சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு என்னிடம் வந்து உட்கார்ந்து, பேச்சை எங்கெங்கோ கொண்டுபோனார். பயம் மிஞ்சினால் மதினி சில்லறை விஷயங்களைப் பேசுவார்.

"இவளுக்கு எந்த நேரமும் வலி வந்துரும். பிள்ளைக்குத் தலையணை தைக்கணும். அதுக்கும் இந்த வருசம் வழியில்லாமப் போச்சு."

"கடுகுத் தலையணையா? இங்க கடுகு விக்கிற விலைக்கு யாரு தலையணை தைக்கிறா?"

கீழே எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குத் தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகு நிரப்பின குட்டித் தலையணையில்தான் படுக்கப்போடுவோம். இங்கே தாளிக்கவே எண்ணிப் போடுகிறோம்.

"கடுகு எங்க? எல்லாம் மொளப்பாரி வெதைதான். மொளையக் கரைச்ச பிறகு சட்டி மண்ணைச் சலிச்சு எடுத்து வைப்பேன்ல, நல்ல எரு மண்ணாச்சே. சல்லடையில மொளைக்காத கல்சங்கு கடுகாட்டம் உருண்டு நிக்கும். சாமிக்குப் போட்டது, கால்ல மிதிபடக் கூடாதுல்ல. அதைக் கழுவிக் காயவச்சு, தெருவுல யாரு பிள்ள பெத்தாலும் தலையணைக்குக் குடுத்துருவேன். மொளைக்கலைன்னு ஊருக்குத் தெரிஞ்சா ஆகாதும்பாகன்னு வெளிய சொல்றதில்ல. இந்த வருசம் அந்தத் தாடிக்காரன் மருந்து விட்டுட்டானா, சல்லடையில ஒத்த வெதை நிக்கல. முதப் பிள்ளைக்குப் புதுசு வைக்கணும்த்தா. நிலானியோட பழசுதான் பரண்ல கெடக்கு, அதுக்கு உறை மாத்திப் போட்டா..."

நான் எழுந்துவிட்டேன். எழுந்த வேகத்தில் மண்டை வாசல் நிலையில் இடித்தது.

"மதினி. பழசுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? அதே வெதைதான்."

"தூக்கிப் போடலையே?"

"சாமிக்குப் போட்டத எவ தூக்கிப் போடுவா? பிள்ள வளந்ததும் அவுகவுக பரண்ல வச்சிருப்பாளுக."

"எத்தனை வீட்ல?"

"கீழத்தெருவுல பிள்ள பெத்த வீட்லயெல்லாம்." மதினி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "என்னத்தா ஆச்சு ஒனக்கு? ரத்தம் வருது பாரு."

மதினி வீட்டுப் பரணிலிருந்து நிலானியின் தலையணையை இறக்கி ஓரத்தைப் பிரித்தேன். கருப்பாக, பளபளவென்று உள்ளங்கையில் உருண்டது. ஒரு வயதுவரை நிலானி அதன் மேல் படுத்து, பால் கக்கி, எத்தனை தடவை நனைத்திருப்பாள்! மதினி எத்தனை தடவை துவைத்துக் காயப்போட்டிருப்பார்! ஒன்றுகூட முளைக்கவில்லை. தண்ணீர் உள்ளே போகாத தோல் என்றால் அதுதான் தோல். நாலு விதையை எடுத்துத் தரையில் சொரசொரப்பான இடத்தில் தேய்த்து, ஈரத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மதினி வீட்டில் வைத்து, அவர் எதிரிலேயே பிரித்தேன். நாலிலும் மூக்கு வந்திருந்தது.

நான் அழுதேன். வெட்கமென்ன, நன்றாகவே அழுதேன். ஒரு மலை தொலைத்ததை ஒரு தெருவின் பரண்கள் வைத்திருந்தன. நான் இத்தனை வருடம் படித்த படிப்பில், முளைப்பாரி என்றால் வீணாகிற தானியம் என்று முகத்தைச் சுளித்ததைத் தவிர இதற்கு நான் வேறெதுவும் செய்யவில்லை.

"அப்பத் தப்பிச்சோம்" என்று மதினி எழுந்தார். முகமே மாறிவிட்டது. "சம்பந்திகிட்டப் போயிச் சொல்லிட்டு வந்துர்றேன். பாவம், தூங்காமக் கெடக்காக."

நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"சொன்னா என்ன செய்வாரு மதினி?"

மதினி யோசித்தார். அவருக்கு யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. இருபது வருடமாக அந்தக் கமிட்டிக்குச் சட்டியில் முளை வளர்த்துக் கொடுத்தவர்.

"எல்லாத் தலையணையும் வாங்கி... மேளதாளத்தோட..."

"ம்."

"ஒரே நாள்ல வெதைப்பாக."

"அப்புறம் ஒரு ஆவணிக் குளிர் வரும். அதுக்குப் பிறகு எந்தப் பரண்ல தேட?"

மதினி மெதுவாக உட்கார்ந்தார். வெளியே ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

"விதைக்குக் காத்திருக்கத் தெரிஞ்சது மதினி. இந்த மண்ணுல இனி அதால முடியாது. அதுக்குப் பதிலா நாமதான் காத்திருக்கணும். வருசத்துக்கு ஒரு தலையணை. பெரிய செடிங்களோட ஓரமாப் பாத்து, காத்துப் படாத இடமாப் பாத்துக் கொஞ்சம் கொஞ்சமாத் தூவணும். பிழைச்சா சந்தோசம். செத்தா அடுத்த வருசம் அடுத்த தலையணை."

"பச்சை முழுசா மூட நாளாகுமே?"

"ஆகும். நான் இருக்க மாட்டேன்."

"நானுந்தான்" என்றார் மதினி. பிறகு என் நெற்றியில் காய்ந்திருந்த காயத்தைத் தடவிவிட்டார். "பிள்ள பெத்தவளுககிட்ட மட்டும் சொல்லுவோம். ஆம்பளைக காதுக்குப் போச்சுன்னா அன்னைக்கே கமிட்டிதான்."

எங்கள் ஊரில் ரகசியம் தங்காது என்று நான் நினைத்திருந்தேன். தங்கியது. கீழத்தெருப் பெண்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை காலம் இவர்களைக் குலவை போடத்தான் லாயக்கு என்று நானும் நினைத்து வைத்திருந்தேனே, சரி, போகட்டும். சித்திரையில் சாணி பொறுக்கப் போகிற சாக்கில் ஏழெட்டுப் பேர் சரிவுக்கு ஏறினார்கள். ஆளுக்கு மடியில் கொஞ்சம். முதல் தலையணை நிலானியின் பக்கத்து வீட்டுக்காரியுடையது. அவள் தூவும்போது 'போய்ட்டு வாடா' என்று விதையைப் பார்த்துச் சொன்னாள். அந்தத் தலையணையில் வளர்ந்தவன் இப்போது மீசை வைத்துக்கொண்டு கமிட்டியில் துணைச் செயலாளர்.

ஆனியில் கிழட்டுச் செடிகளின் ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குஞ்சுகள் தெரிந்தன. கம்பளி போர்த்தியது போலிருக்குமே, அந்த மலைவண்டுகள் பெரிய செடிகளின் பூக்களை அமுக்கித் திறந்து உள்ளே போய் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எந்தத் திட்டமும் தெரியாது. கமிட்டியும் பச்சையைக் கவனித்தது. யாகம் பலித்துவிட்டது என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்துக்கு ஒரு பிரியாணி.

நிலானிக்குப் பிறந்தது பையன். கடும்பனி விலகட்டும் என்று தள்ளிப்போட்டுப் போட்டு, அந்த ஆனியில்தான் தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்தோம். தஷ்வந்துக்கு ஆண் வாரிசு வந்த பூரிப்பு. புதுச் சட்டை, புதுப் பல் செட். பேரனுக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு துணைக் கமிட்டி வேறு கூடிக் கலைந்திருந்தது. தொட்டிலைக் குனிந்து பார்த்தவர், பிள்ளையின் தலைக்கடியில் கைவிட்டு அமுக்கிப் பார்த்தார்.

"அட, கடுகுத் தலையணை! நல்லா நெறைஞ்சு இருக்கே. இந்த மலையில எங்க பிடிச்சீக சம்பந்தி?"

"பழசுதான். நிலானியோடது" என்றார் மதினி.

"அதானே பாத்தேன். அந்தக் காலத்துப் பொருளே தனி." நிமிர்ந்து, ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கூட்டம் இருந்தால் அவருக்குப் பெருமூச்சு தானாக வரும். "இன்னும் கொஞ்சம் கல்சங்கு வெதை மட்டும் கெடச்சா, ஒரே மூச்சுல அந்த மேட்ட மூடிப்புடலாம். மேளம் வச்சு, ஊரே திரண்டு... ம். ஒலகத்துல ஒத்த வெதைகூட இல்லைன்னுட்டீகளே டாக்டரம்மா. நெசமாவே இல்லையா?"

"இல்ல தலைவரே" என்றேன். "இருந்தா உங்ககிட்டச் சொல்லாம இருப்பேனா?"

தொட்டிலைச் சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையைக் காலை ஆட்டினான், முகத்தைச் சுருக்கினான், அப்படியே தலையணை வரைக்கும் பீய்ச்சி அடித்தான்.

"அய்யய்யோ, எடுங்க எடுங்க!" தஷ்வந்த் பதறினார். "ஈரம் பட்டா கடுகு மொளச்சுப்புடும்!"

மதினி அவசரப்படவில்லை. பிள்ளையைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, தலையணையை எடுத்துத் தட்டி, வெயில் பட்ட ஜன்னல் ஓரத்தில் வைத்தார்.

"மொளைக்காது சம்பந்தி" என்றார். "நாங்க சொல்றப்பத்தான் மொளைக்கும்."

தஷ்வந்த் விழுந்து விழுந்து சிரித்தார். சம்பந்தியம்மாவுக்கு நல்ல நகைச்சுவை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே பந்திக்குப் போனார்.